சுவரில் மாட்டும் சரக்கையும் பார்த்து வாங்குவோம்

மிளகு வாங்கினால் நாலு மணியை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டு எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்க்கிறோம். அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். கருப்பட்டியை உடைத்து உள்நிறம் பார்க்கிறோம். பருப்பு மூட்டையில் அடியில் குத்தூசி விட்டு மாதிரி எடுக்கிறோம். மேல்சரக்கை நம்பி விலை பேசுகிறவன் வியாபாரியே அல்ல என்பது நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே படிந்த பாடம்.

இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கும் நாம், வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். புது வீடு கட்டும் வணிகர்கள் பலர் இப்போது முன்கூடத்தில் மாட்டுவதற்குப் பெரிய படம் தேடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். "பழைய ரவிவர்மா படம், நூறு வருஷத்துச் சரக்கு" என்று யாராவது சொன்னால் கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே ஆட்கள், தகப்பனார் காலத்துக் கடையை இடித்துக் கட்டும்போது, மூன்று தலைமுறையாகக் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கிய படங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். முன்வாசல் வழியாகப் போலிச் சரக்கு விலைக்கு வருகிறது. பின்வாசல் வழியாக நல்ல சரக்கு எடைக்குப் போகிறது. இது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

அச்சுப்படம் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய இடத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். அது வீடுகளுக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாலும் வியாபாரத்தின் வழியாகத்தான். ஆகவே அதைப் பார்த்து வாங்கவும், பாதுகாக்கவும் நம்மால் முடியும். அதற்கு வேண்டிய அறிவில் முக்கால்வாசி நம் தொழிலிலேயே இருக்கிறது.

அரண்மனையிலிருந்து குடிசைக்கு

நம் மாவட்டத்தில் பழைய ஓவியம் என்றால் எல்லோரும் பத்மநாபபுரம் அரண்மனையைச் சொல்வார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்து அறையில், 18-ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. அருமையான வேலை. ஆனால் அந்தக் காலத்தில் அதை யார் பார்த்திருக்க முடியும்? ராஜாவும், அவர் அனுமதித்தவர்களும்தான். ஓவியம் என்பது அரண்மனைச் சுவரோடும் கோயில் சுவரோடும் நின்றுவிட்ட காலம் அது.

இந்த நிலையை மாற்றியவரும் நம் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தவரே. 1848-இல் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மாதான் அவர். எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய படங்களுக்கு நாடெங்கும் இருந்து கேட்பு வந்தது. ஒரு மனிதர் இரண்டு கையால் எத்தனை படம் எழுத முடியும்? முன்பு திருவிதாங்கூர் திவானாக இருந்த மாதவராவ், 1884-இல் ரவிவர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, வண்ண அச்சுப் பிரதிகள் எடுக்கச் செய்தால் புகழும் பெருகும், நாட்டுக்கும் நன்மை என்பது அவர் யோசனை. பத்து வருடம் கழித்து, 1894-இல், ரவிவர்மா பம்பாய் அருகே காட்கோபரில் சொந்த அச்சகமே தொடங்கிவிட்டார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் வந்தார்கள். அங்கே அச்சான முதல் படம் 'சகுந்தலையின் பிறப்பு'. லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள்.

இதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு கதையும் உண்டு. சரக்கு நல்ல சரக்கு, கிராக்கியும் உண்டு. ஆனாலும் அச்சகம் நஷ்டத்தில் ஓடியது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் வந்து வேலையாட்கள் சிதறினார்கள். அச்சகத்தை 1899-இல் லோனாவாலா பக்கம் மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. கடைசியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வேலைக்கு வந்திருந்த பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார்கள். அவர் சாமி படங்களோடு நிற்கவில்லை. விளம்பரப் படம், லேபில், தபால் அட்டை, காலண்டர் என்று வகைவகையாக அடித்து அச்சகத்தை நிலைநிறுத்தினார். நல்ல சரக்கு மட்டும் போதாது, சுழற்சி வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ரவிவர்மா 1906-இல் காலமானார். அச்சகம் பின்னும் பல காலம் ஓடி, 1972-இல் தீயில் அழிந்தது.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதி. அதற்கு 42 ஆண்டுகள் முன்பே ரவிவர்மா அச்சகம் வேலையைத் தொடங்கிவிட்டது. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு, தெய்வத்தின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு ஒரு காகிதத்தின் மூலம்தான் கிடைத்தது. பூசாரியின் அனுமதி வேண்டாம். சில காசு இருந்தால் போதும். பழைய கடைச் சுவரில் புகை படிந்து தொங்கும் லட்சுமி படத்தை எடைக்குப் போடுவதற்கு முன்னால், அது அந்தச் சுவருக்கு எப்போது வந்தது என்று ஒரு தரம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கோவில்பட்டியும் சிவகாசியும்

ரவிவர்மாவுக்குப் பிறகு நம் தெற்குச் சீமையில் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த படங்கள் கோவில்பட்டியில் பிறந்தவை. 1898-இல் பிறந்த சி. கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதும் வேலைக்குப் போனார். 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். நாடகத் திரை எழுதிப் பழகிய கை என்பதால் அவர் படங்களில் மேடை அலங்காரம் தெரியும். பின்னால் மாளிகை, தூண், தாமரைக் குளம், முன்னால் எடுப்பாகத் தெய்வம். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்களும் அதே வழியில் எழுதினார்கள். கொண்டையராஜு 1976-இல் மறைந்தார்.

இவர்கள் எழுதியதை லட்சக்கணக்கில் அடித்துக் கொடுத்தது சிவகாசி. 1920-களில் தீப்பெட்டித் தொழில் அங்கே வேர் பிடித்தது. தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும். பட்டாசுக்கும் லேபில் வேண்டும். அதற்காக வந்த அச்சு இயந்திரம் காலண்டருக்கும் பயன்பட்டது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடும் வழக்கம் சிவகாசியில் உண்டு. அந்த ஆல்பத்தை ஏஜெண்டு கொண்டுவந்து நம் மேசைமேல் விரித்ததும், எத்தனை வியாபாரம் இருந்தாலும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்கள்தானே நாம்.

நம் மாவட்டத்தில் அந்தத் தேர்வு லேசான காரியம் அல்ல. வாடிக்கையாளர்களில் ஒருவர் வீட்டில் முருகன் வேண்டும். இன்னொருவர் வீட்டில் திரு இருதய ஆண்டவர் வேண்டும். மூன்றாமவருக்கு மக்கா, மதீனா படம் வேண்டும். அய்யாவழிக் குடும்பத்தில் எந்த உருவமும் இல்லாத காலண்டர்தான் எடுப்பார்கள். அதற்காக நாலு விதமாக அடித்துவைத்து, ஆளுக்கு ஏற்றபடி எடுத்துக் கொடுத்த கடைகள் கோட்டாற்றிலும் வடசேரியிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் உண்டு. தேதித்தாளில் கொல்லம் ஆண்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரியவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் வீட்டில் வருஷம் முழுவதும் தொங்கப்போகும் படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பலசரக்குக் கடைக்காரர் கையில் இருந்தது. டிசம்பர் முடிந்ததும் தேதித்தாள் கிழிந்துபோகும்; படத்தை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டுக்கொள்வார்கள். நம் கடைப் பெயர் கத்தரியில் போய்விடும், படம் நின்றுவிடும்.

என்னென்ன வகை உண்டு

வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வகை. வகை தெரியாமல் விலை பேசினால், மட்ட அரிசிக்குப் பொன்னி விலை கொடுத்த கதையாகும்.

முதல் வகை, பழைய கல்லச்சுப் படம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் படத்தை வரைந்து, அதிலிருந்து காகிதத்தில் எடுப்பது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். பத்து வண்ணம் இருந்தால் அதே காகிதம் பத்துத் தடவை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். ஒரு தடவை மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிடும். அதன்மேல் வார்னிஷ் பூசி, சிலவற்றில் துணியின் இழைபோல் அழுத்தமும் கொடுத்து, எண்ணெய் ஓவியம் மாதிரியே தோன்றச் செய்வார்கள். இதற்குத்தான் ஓலியோகிராப் என்று பெயர். ரவிவர்மா அச்சகத்துப் படங்கள் இந்த வகை. இவற்றில் சிலவற்றுக்கு வீட்டுப் பெண்கள் ஜரிகையும் ஜிகினாவும் மணியும் தைத்து, ஒட்டி அலங்கரித்திருப்பார்கள். அது படத்தைக் கெடுத்ததாகாது. அதற்கென்றே தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

இரண்டாம் வகை, காலண்டர் படங்கள். தொடக்கத்தில் லித்தோ, பிறகு ஆப்செட். எண்ணிக்கை அதிகம் அடித்ததால் விலை குறைவு. ஆனால் எல்லோரும் கிழித்துப் போட்டதால் நல்ல நிலையில் இருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன.

மூன்றாம் வகை, ஓவியரே செதுக்கியோ கீறியோ தட்டு தயாரித்து, எண்ணிச் சில பிரதிகள் மட்டும் எடுப்பது. செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு கீறுவது, மரத்திலோ லினோலியத்திலோ வெட்டுவது என்று பல முறைகள். படத்துக்குக் கீழே பென்சிலில் 12/50 என்று இருந்தால், ஐம்பது பிரதியில் இது பன்னிரண்டாவது என்று பொருள். பக்கத்தில் ஓவியரின் கையெழுத்தும் பென்சிலில் இருக்கும். சென்னையில் லலித்கலா அகாதெமியின் மண்டல மையத்தில் இதற்கென்றே அச்சுக்கூடம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டல் ஓவியர் கிராமமும் போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஒரே ஓவியரின் தனி ஓவியத்தைவிட அவரது அச்சுப்படம் விலை குறைவாகவே இருக்கும். ஏனென்றால் பிரதிகள் பல. நடுத்தர வசதியுள்ள வணிகர் உயிருடன் இருக்கும் ஓவியரின் கைப்பட்ட படம் ஒன்றை வீட்டில் வைக்க ஆசைப்பட்டால் இதுவே நியாயமான வழி.

நான்காவது, இப்போது கம்ப்யூட்டர் வழி கான்வாஸ் துணியில் அடித்துத் தருவது. அலங்காரத்துக்கு நன்றாகவே இருக்கும். அதை அலங்காரச் சரக்கு விலைக்கு வாங்குங்கள். ஓவியம் என்ற விலைக்கு வாங்காதீர்கள்.

லென்ஸ் சொல்லும் சாட்சி

இந்த நாலையும் பிரித்தறிய பெரிய படிப்பு வேண்டாம். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டுகிறாரே, அந்த மாதிரி ஒரு லென்ஸ் போதும். பத்து மடங்கு காட்டினால் உத்தமம்.

படத்தில் கன்னம், வானம் போன்ற மெல்லிய நிறமுள்ள இடத்தில் லென்ஸை வையுங்கள். வரிசை தப்பாமல், பூப்போலக் கூடிக் கூடி நிற்கும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆப்செட். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் குத்தியதுபோல் பெரிதும் சிறிதுமாக, பல வண்ணத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் பழைய கல்லச்சாக இருக்கலாம். தெளித்த மாதிரி மிக நுண்ணிய துகள்களாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் அச்சு. 1960-களின் காலண்டர் படத்தில் ஆப்செட் புள்ளி இருப்பது குற்றமல்ல. அந்தக் காலத்துக்கு அது சரி. ரவிவர்மா அச்சகத்துப் பழைய கல்லச்சு என்று சொல்லும் படத்தில் அந்தப் புள்ளிவரிசை இருந்தால்தான் குற்றம்.

அடுத்தது, ஓரம். பழைய அச்சகங்கள் படத்தின் அடியோரத்தில் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ரவிவர்மா அச்சகம் முதலில் காட்கோபர் என்றும், இடம் மாறிய பின் கார்லா, லோனாவாலா என்றும் போட்டது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டிருந்தால் மதிப்பு குறையும். ரவிவர்மா எழுதிய படத்தைப் பார்த்து வேறு பல அச்சகங்களும் அடித்து விற்றன. ஆகவே படம் ரவிவர்மாவுடையது என்பது ஒரு விஷயம். அச்சு ரவிவர்மா அச்சகத்தினுடையது என்பது வேறு விஷயம். விற்பவர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொன்னால் நீங்கள் பிரித்துக் கேளுங்கள்.

மூன்றாவது, முதுகு. சட்டத்தைக் கழற்றாமல் பழைய படத்துக்கு விலை பேசவே கூடாது. காகிதத்தின் பின்புறம் வயதுக்கேற்றபடி, ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுத்திருக்கும். தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்த காகிதம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியோ, திட்டுத் திட்டாகவோ நிறம் காட்டும். சட்டம் பழையது என்பதால் படமும் பழையது ஆகிவிடாது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் தேக்குச் சட்டம் மலிவாகக் கிடைக்கிறது. அதற்குள் புதுப்படத்தை வைக்க ஐந்து நிமிஷம் போதும்.

சில வருஷங்களுக்கு முன் ஒருவர் எங்கள் மண்டிக்கே ஒரு சரஸ்வதி படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டம் கறுத்த தேக்கு, ஆணி துருப்பிடித்தது, எல்லாம் பொருத்தம். நான் லென்ஸை வைத்தேன். வீணையின் மேல் புள்ளிகள் அணிவகுத்து நின்றன. "அண்ணாச்சி, நீங்க பலசரக்குக்காரர், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று அவர் சிரித்தார். "பலசரக்குக்காரனுக்குத்தான் தம்பி, வண்டு எங்கே இருக்கும்னு தெரியும்" என்றேன். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

விலை பேசும்போது

2023-இல் ரவிவர்மாவின் 'யசோதையும் கிருஷ்ணனும்' என்ற எண்ணெய் ஓவியம் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அது அவர் கையால் எழுதிய, ஒன்றே ஒன்றான மூல ஓவியம். அச்சுப்படத்துக்கும் அந்த விலைக்கும் சம்பந்தம் இல்லை. விற்பவர் அந்தச் செய்தியைக் காட்டி விலை சொன்னால், தங்கத்தின் விலையைச் சொல்லிப் பித்தளை விற்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதற்காக அச்சுப்படம் எப்போதும் மலிவுதான் என்றும் இல்லை. ஜப்பானில் ஹொகுசாய் என்ற ஓவியரின் 'பேரலை' என்ற படம் 1831 வாக்கில் மரக்கட்டையில் வெட்டி அச்சாகி, சாதாரண மக்கள் வாங்கும் மலிவு விலைக்கு விற்றது. ஆயிரக்கணக்கில் அடித்த படம் அது. 2023-இல் நியூயார்க்கில் அதன் பிரதி ஒன்று 27 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மற்றவை கிழிந்தும் நனைந்தும் மங்கியும் போய்விட்டன. நல்ல நிலையில், முதலில் எடுத்த தெளிவோடு நின்றதற்குத்தான் அந்த விலை. அச்சுப்படத்தில் விலையைத் தீர்மானிப்பது நாலு விஷயம்: யார் எழுதியது, எந்த அச்சு, இன்னும் எத்தனை மிச்சம், எந்த நிலையில் இருக்கிறது. வயது மட்டும் விலையாகாது.

வாங்குகிறவருக்கு ஒரு வியாபார யுக்தி சொல்கிறேன். விலை முடிவாகும் தறுவாயில், "இதை ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தால் நீங்களே என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் பாதி விலையாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்; கடை வாடகை, முடங்கிய முதல், லாபம் எல்லாம் அவருக்கும் உண்டு. ஆனால் வாங்கவே மாட்டேன் என்று மழுப்பினால், அவருக்கே அந்தச் சரக்கில் நம்பிக்கை இல்லை. இந்தக் காரணத்தால்தான் படத்தை முதலீடாக நினைத்து வாங்க வேண்டாம் என்று சொல்கிறேன். நாளை பணம் வேண்டுமென்றால் சர்க்கரை மூட்டையை மதியத்துக்குள் விற்றுவிடலாம். படத்துக்கு ஆள் வர வருஷமும் ஆகலாம். தினம் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு எவ்வளவு கொடுக்கலாமோ அவ்வளவு மட்டும் கொடுங்கள்.

வாங்கினால் பில் வாங்குங்கள். படத்தின் பெயர், அச்சகம், அளவு, நிலை எல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள். "பழைய படம் 1" என்று எழுதிய பில்லுக்கு மதிப்பில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் போய், ஒன்றும் வாங்காமல் சும்மா பத்துக் கடை பார்த்துவிட்டு வாருங்கள். பத்து மாதிரி பார்த்த கண் தானாகப் பேசும். மூல ஓவியத்தையே பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் 1935-இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் இருக்கும் மியூசியம் வளாகத்துக்குப் போங்கள். காலையில் ரயில் ஏறினால் இரவுக்குள் வீடு திரும்பலாம். மூலத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தவரைப் பிரதி ஏமாற்றுவது கஷ்டம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனிப்பட்டவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைக்கு என்று பழைய படத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். கடைக் காலண்டருக்குப் பழைய படம் போட விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் நாட்டில் ஓவியர் மறைந்தபின் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. ரவிவர்மா படங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. 1976-இல் மறைந்த கொண்டையராஜுவின் படங்களுக்கு 2036 வரை உண்டு. உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி அடிப்பதே முறை.

நம் ஊர் மழையும் நம் வீட்டுச் சுவரும்

நல்ல படம் வாங்கி, தப்பாக மாட்டினால் பத்து வருஷத்தில் போய்விடும். மற்ற மாவட்டங்களைவிட நமக்கு இதில் கவனம் அதிகம் வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சுவர் காயவே நேரம் இருப்பதில்லை.

சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் படம் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகள் இரண்டிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். கண்ணாடி நேராகப் படத்தின்மேல் படக்கூடாது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு பிரித்தால் நிறத்தோடு வரும். நடுவே அட்டைக் கரை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டையும் ஹார்டுபோர்டும் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும்.

மைதாப் பசையால் படத்தை அட்டையில் ஒட்டுவது, பூச்சிக்கு விருந்து வைப்பது போல. ராமபாணப் பூச்சி அதைத் தேடி வரும். ஒட்டு நாடாவும் வேண்டாம். அதன் கறை போகாது. கிழிந்த பழைய படத்தை லேமினேட் செய்து தருகிறோம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. ஈரத்துணியால் படத்தைத் துடைக்கக் கூடாது. கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

வெயில் நேராக விழும் இடத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, படம் நீலமாக நிற்கும். பழைய கடைகளில் தெருவைப் பார்த்த படங்கள் எல்லாம் அப்படி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஜை அறையில் விளக்குப் புகையும் சூடப்புகையும் படியத்தான் செய்யும்; அது பூஜைப் படத்துக்கு உள்ள இயல்பு. அரிய படம் ஒன்று இருந்தால் அதன் நல்ல பிரதி ஒன்றைப் பூஜைக்கு வைத்துவிட்டு, மூலத்தைக் கூடத்தில் மாட்டலாம். சந்தனம், குங்குமம் வைப்பதானால் கண்ணாடியின்மேல் வையுங்கள்.

கடைக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு

படம் சேர்க்க வேண்டும் என்றால் பணம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் உங்கள் பரணில் ஏறிப் பாருங்கள். உங்கள் கடை அடித்துக் கொடுத்த காலண்டர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இருக்கிறதா? அந்தக் காலத்துத் துணி வியாபாரக் குடும்பமானால், மான்செஸ்டரிலிருந்து வந்த துணிகளின்மேல் ஒட்டியிருந்த வண்ணப் படச்சீட்டுகள் கணக்குப் புத்தகத்துக்குள் கிடக்கலாம். தீப்பெட்டி, பீடி, சாம்பிராணி, காப்பித்தூள், வாசனைப் பாக்கு லேபில்கள் எல்லாம் இதே அச்சுக்கலையின் பிள்ளைகள்தான். இவற்றைப் பணக்காரர்கள் சேர்க்க முடியாது. வியாபாரி வீட்டில்தான் இருக்கும்.

காலண்டர் படத்தைக் கத்தரித்தால் கடைப்பெயர் போய்விடும் என்று மேலே சொன்னேன். சேர்க்கிறவர்கள் அதைத்தான் செய்யக் கூடாது. கீழே இருக்கும் "மொத்த வியாபாரம், கமிஷன் மண்டி, கோட்டாறு" என்ற வரிதான் அந்தப் படத்துக்கு ஊரும் காலமும் கொடுக்கிறது. மூன்று இலக்கத் தொலைபேசி எண், பழைய தெருப்பெயர், இப்போது பிரிந்துபோன கூட்டாளிகளின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். கொண்டையராஜுவின் கஜலட்சுமி இன்னும் பல இடங்களில் கிடைக்கும். உங்கள் பாட்டனார் பெயரோடு கூடிய கஜலட்சுமி வேறெங்கும் கிடைக்காது.

இந்த டிசம்பரில் காலண்டர் வந்ததும் ஒரு பிரதியைச் சுருட்டாமல், மடக்காமல், தட்டையாக ஒரு பெரிய உறைக்குள் வைத்து, பின்னால் பென்சிலில் ஆண்டையும் எத்தனை அடித்தோம் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த பொதுக்குழு நாளில் ஒவ்வொரு கடையும் தன்னிடமுள்ள பழைய காலண்டர்களைக் கொண்டுவந்து சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் காட்சிக்கு வைத்தால், நம் பிள்ளைகள் இந்தக் கம்போளத்தின் கதையைச் சுவரிலேயே படித்துவிடுவார்கள். நிர்வாகிகள் இதைக் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன். இடித்துக் கட்டும் வேலையைத் தொடங்கவிருக்கும் கடைக்காரர்கள், பழைய பேப்பர்காரருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் ஒரு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.